சுற்றுச்சூழல் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அப்புறம் ஏன் எதுவும் நடப்பதில்லை?

நீங்கள் கேட்டது இதுதான். சிறிய தன்னார்வக் குழு ஒன்று தண்ணீர், கழிவு, பருவநிலை மாற்றம் என்று சுவரொட்டி ஒட்டுகிறது, காணொளி போடுகிறது, கூட்டம் நடத்துகிறது. கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள், பகிர்கிறார்கள், அதோடு சரி. மக்களுக்கு விஷயம் தெரியாததுதான் பிரச்சினையா, இன்னும் கொஞ்சம் பயமுறுத்த வேண்டுமா, எல்லாம் பொய் என்று சண்டைக்கு வருகிறவர்களை என்ன செய்வது? மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தச் சுவரொட்டியைப் பார்த்த பிறகு யார், எதை, எப்போது செய்ய வேண்டும்? "விழிப்புணர்வு வர வேண்டும்" என்று யாராவது சொன்னால் அந்தச் சுவரொட்டியை அச்சுக்கு அனுப்பாதீர்கள். விழிப்புணர்வு வந்ததா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது, வந்தாலும் அடுத்து என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியாது. "இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் சமையலறைக் கழிவைத் தனித் தொட்டியில் போட வேண்டும்", "இந்த வார்டு உறுப்பினருக்கு இந்த மாதக் கூட்டத்துக்கு முன் இத்தனை பேர் கடிதம் எழுத வேண்டும்" என்று சொல்ல முடிந்தால்தான் செய்தி எழுத உட்கார வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் அழகான வாசகம், பிறகு அதற்கொரு படம், கடைசியில் யாருக்கு என்ற யோசனை. சில சமயம் அந்த யோசனையே கிடையாது.

சரி, மக்களுக்கு விஷயம் தெரியாததுதான் பிரச்சினையா? அப்படி நம்புவது படித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நாம்தான் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறோம். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. டான் காஹன் என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவரது சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்கள் சுமார் 1,500 பேரிடம் அறிவியல் அறிவையும் கணக்குத் திறனையும் சோதித்து, பருவநிலை மாற்றத்தை எவ்வளவு பெரிய ஆபத்தாக நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். அறிவியல் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்ற பார்வையில் ஏற்கெனவே பிரிந்திருந்த இரண்டு தரப்புக்கும் இடையிலான இடைவெளிதான் அறிவு கூடக் கூடக் கூடியது. கெட்டிக்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை ஏற்கெனவே நம்புவதற்கு வக்காலத்து வாங்கவே பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். தங்களைச் சுற்றியிருப்பவர்களோடு முரண்படுவதைவிட ஒரு வரைபடத்தோடு முரண்படுவது எந்த மனிதருக்கும் எளிது. ஆக, இன்னும் பத்து வரைபடம் சேர்த்தால் வேலை ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒரு வகைத் தகவல் மட்டும் உண்மையிலேயே பற்றாக்குறைதான்: எந்தச் செயலுக்கு எவ்வளவு எடை என்பது. ஷாஸீன் அத்தாரி என்ற ஆய்வாளரும் சிலரும் 2010-ல் 500க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம், ஆற்றலை மிச்சப்படுத்த நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே செயல் எது என்று கேட்டார்கள். ஐந்தில் ஒருவர் சொன்னது விளக்கை அணைப்பது. அதிக ஆற்றல் இழுக்கும் கருவிகளைத் திறன் கூடியவையாக மாற்றுவது நிபுணர்கள் முதலில் சொல்லும் விஷயம், அதைச் சொன்னவர்கள் குறைவு. பெரிய கருவிகள் எவ்வளவு இழுக்கும் என்பதை மக்கள் சராசரியாக மிகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதில் மக்களைக் குறை சொல்ல முடியாது. "விளக்கை அணையுங்கள்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னது நம்மைப் போன்றவர்கள்தானே? பத்துக் குறிப்புகளைச் சம அளவு எழுத்தில் அடுக்கினால், பத்தும் சம எடை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதிலிருந்து சுலபமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்துவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார். ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள், எது பெரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்ததுதான் இந்தத் துறையிலேயே அதிகம் சொதப்பும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அரிசோனாவில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா. கல்லாகிப்போன மரத் துண்டுகளைப் பார்வையாளர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது நிர்வாகத்தின் தலைவலி. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் அங்கே பாதை ஓரங்களில் இரண்டு விதமான பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், இதற்கு முன் வந்த பலர் இப்படி எடுத்துப்போனதால் பூங்காவின் இயற்கை நிலையே மாறிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தது. இன்னொன்றில் எடுக்காதீர்கள் என்று மட்டும். பாதையில் அடையாளம் இட்டுப் போட்டு வைத்த துண்டுகளில் முதல் பலகை இருந்தபோது காணாமல்போனவை ஏறக்குறைய 8 சதவீதம், இரண்டாவது இருந்தபோது 2 சதவீதத்துக்கும் கீழே. அதாவது "எல்லோரும் திருடுகிறார்கள்" என்று புலம்பியதே நாலு மடங்குத் திருட்டுக்கு வழி செய்தது. இப்போது உங்கள் சுவரொட்டிகளை எடுத்துப் பாருங்கள். "நாள்தோறும் லட்சக்கணக்கானோர் குப்பையைத் தெருவில் வீசுகிறார்கள்", "யாருமே தண்ணீரைச் சேமிப்பதில்லை" என்று எத்தனை இருக்கிறது? எழுதுபவருக்கு அது கண்டனம். படிப்பவரின் காதில் விழுவதோ "ஊரே இப்படித்தான், நீ மட்டும் என்ன?"

இதே விஷயத்தைப் புரட்டிப் போட்டால் நமக்குச் சாதகமாகும். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் 290 வீடுகளில் ஒரு சோதனை நடந்தது, 2007-ல் வெளியானது. வாசல் கதவுக் கைப்பிடியில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். உங்கள் வீடு இத்தனை யூனிட் மின்சாரம் செலவழித்திருக்கிறது, அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு, அவ்வளவுதான் சங்கதி. சராசரிக்கு மேல் இருந்தவர்கள் குறைத்தார்கள், எதிர்பார்த்ததுதான். சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூட்டினார்கள்! நாம்தான் ஏமாளியா என்று தோன்றியிருக்கும். அப்புறம் சில அட்டைகளில் ஒரே ஒரு மாற்றம். குறைவாகச் செலவழித்த வீட்டுக்குக் கையால் வரைந்த ஒரு சிரித்த முகம், அதிகம் செலவழித்த வீட்டுக்கு முகம் சுளித்த ஒன்று. சிரித்த முகம் வந்த வீடுகள் கூட்டாமல் தங்கள் பழைய அளவிலேயே நின்றன. இந்த யோசனையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு ஓபவர் என்ற நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒப்பீட்டுக் கடிதம் அனுப்பியது. ஹன்ட் ஆல்காட் என்ற பொருளாதார ஆய்வாளர் 2011-ல் வெளியிட்ட கணக்கில் சராசரிச் சேமிப்பு சுமார் 2 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். வெறும் கடிதம், அதற்கு இவ்வளவு என்று பார்த்தால் அற்பம் இல்லை, ஆனால் அதை வைத்துப் பூமியைக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. கலிஃபோர்னியாவிலேயே நடந்த வேறொரு ஆய்வில், ஏன் மின்சாரத்தைச் சேமிக்கிறீர்கள் என்று கேட்டபோது சூழலுக்காக, சமூகத்துக்காக, பணத்துக்காக என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் செய்வதால் நானும் செய்கிறேன் என்பதற்குக் கடைசி இடம். மீட்டரைப் பார்த்தால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்திருந்தது. அதனால் "எந்தச் செய்தி உங்களைத் தூண்டும்?" என்று மக்களிடமே கேட்டு வடிவமைப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும், அவர்கள் சொல்வதும் செய்வதும் வேறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதி அறைகளில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டைகளில் "பெரும்பாலான விருந்தினர்கள் செய்கிறார்கள்" என்று எழுதியபோது அமெரிக்காவில் 35 சதவீதம் 44 ஆனது என்று 2008-ல் வந்த ஆய்வு ரொம்பப் பிரபலம். ஜெர்மனியில் அதையே செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. மந்திரக்கோல் என்று எதுவும் இல்லை, உங்கள் இடத்தில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையில் பெரும்பாலோர் செய்யாத விஷயமாக இருந்தால்? பொய் சொல்லாதீர்கள், பிடிபட்டால் அதோடு கதை முடிந்தது. அப்போது போக்கைச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிரெக் ஸ்பார்க்மேனும் கிரெகரி வால்டனும் செய்த சோதனையில், உணவகத்துக்கு வந்தவர்களில் சிலரிடம் அமெரிக்கர்களில் 30 சதவீதம் பேர் இறைச்சியைக் குறைத்துச் சாப்பிட முயல்கிறார்கள் என்றும், வேறு சிலரிடம் அண்மைக் காலத்தில் 30 சதவீதம் பேர் அப்படிக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டாவதைக் கேட்டவர்களில் இறைச்சி இல்லாத உணவைத் தேர்ந்தெடுத்தவர்கள் 34 சதவீதம், முதலாவதைக் கேட்டவர்களில் 17. எண்ணிக்கை ஒன்றே, ஆனால் எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பது தெரிந்தால் ஆட்கள் அந்தப் பக்கம் நகர்கிறார்கள்.

பயமுறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பயம் வேலை செய்யும், ஆனால் பயத்தோடு கையில் ஒரு வேலையையும் கொடுத்தால் மட்டும். வெறும் பயம் கொடுத்தால் மனிதர்கள் பயத்தைப் போக்கிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள், ஆபத்தைப் போக்க அல்ல. சேனலை மாற்றுவார்கள், "இவனுகளுக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். இதைப் பாடம்போலக் காட்டும் உதாரணம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். மூன்று ஆண்டு வறட்சிக்குப் பிறகு, 2018 தொடக்கத்தில் அணைகளில் நீர் 13.5 சதவீதத்துக்கு இறங்கும் நாளைப் "பூஜ்ய நாள்" என்று அறிவித்தார்கள். அன்று பெரும்பாலான வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். நல்ல பயம்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று ஒரு வரம்பு, அந்த 50 லிட்டரை எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் படம், குளியல் ஒன்றரை நிமிடம், குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்று என்று கைக்கு எட்டும் வழிகள், அணை மட்டம் எவ்வளவு என்று வாராவாரம் கணக்கு. எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று பச்சைப் புள்ளி வைத்துக் காட்டும் இணைய வரைபடம் வேறு. அதிகம் செலவழிப்பவர்களுக்குக் கட்டண உயர்வும், நீரைக் கட்டுப்படுத்தும் கருவியும் பின்னால் இருந்தன, அதையும் மறக்கக் கூடாது. 2015-ல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம் 2018-ல் 50 கோடி லிட்டரை ஒட்டி இறங்கியது. தேதி தள்ளிக்கொண்டே போனது, நடுவில் மழையும் வந்தது, குழாய்கள் மூடப்படவே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. பூஜ்ய நாளைத் தள்ளித் தள்ளி வைத்ததில் ஒரு பகுதி மக்கள் இது புலி வருது புலி வருது கதைதான் என்று முடிவு கட்டினார்கள். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள்: நாங்கள் எப்போதும் பொதுக் குழாயில் வரிசையில் நின்றுதானே பிடிக்கிறோம், எங்களுக்கு என்றைக்குமே பூஜ்ய நாள்தானே? நியாயமான கேள்வி. "நாம் எல்லோரும்" என்று தொடங்கும் எந்தச் சூழல் செய்தியும், எல்லோரும் ஒரே அளவு செலவழிப்பதில்லை என்ற உண்மையை மறைத்தால், குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு அது அவமானமாகத்தான் படும்.

இதையொட்டியே பழியைப் பற்றியும் பேசிவிடலாம். அமெரிக்காவில் 1971-ல் ஒரு விளம்பரம் வந்தது: குப்பை கொட்டுவதைப் பார்த்துப் பூர்வகுடி ஒருவர் கண்ணீர் விடுவார், மாசை உண்டாக்குவது மக்கள்தான், நிறுத்தவும் மக்களால்தான் முடியும் என்று குரல் வரும். அதை வெளியிட்ட கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல் அமைப்பை 1953-ல் தொடங்கியவர்களில் பானங்கள், புட்டிகள், டப்பாக்கள் தயாரிக்கும் நிறுவனங்கள் முக்கியமானவை. (கண்ணீர் விட்ட நடிகர் பூர்வகுடியே இல்லை, இத்தாலிய வம்சாவளி.) 2000-களின் நடுவில் பிபி எண்ணெய் நிறுவனம் தனிமனிதக் கார்பன் தடம், அதாவது ஒருவரின் வாழ்க்கையால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்ற கணக்கைப் பரப்ப விளம்பரம் செய்ததும் இதே வழிதான். மக்களுக்கு இந்தத் தந்திரம் புரிந்துபோய்விட்டது. அதனால்தான் நீங்கள் நெகிழிப் பையைப் பற்றி வாயைத் திறந்ததுமே "முதலில் கம்பெனிக்காரனைக் கேளு" என்கிறார்கள். அவர்கள் தவறாகச் சொல்லவில்லை. நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: இது வீட்டில் செய்யக்கூடியது, இது சட்டத்தால் மட்டுமே ஆகும், அதற்கு நாங்கள் கேட்பது இந்தக் கையெழுத்து.

ஓசோன் விவகாரத்தில் வீட்டில் செய்வதும் சட்டமும் கைகோத்தன. 1974-ல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும், தெளிப்பான் டப்பாக்களிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் இருக்கும் சிஎஃப்சி வாயுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் மக்கள் அந்த டப்பாக்களை வாங்குவதைக் குறைத்தார்கள், 1978-ல் பெரும்பாலான தெளிப்பான்களில் அதற்குத் தடை வந்தது. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்த செய்தி வந்தது, 1987-ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம். பிறகு உலக நாடுகள் அத்தனையும் கையெழுத்திட்டன. அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கில் பழைய நிலை திரும்பலாம் என்று ஐநா பின்புலத்தில் வந்த மதிப்பீடு 2023-ல் சொன்னது. ஏன் இது மட்டும் எடுபட்டது? தோல் புற்றுநோய் என்று தன் உடம்போடு தொடர்புபடுத்த முடிந்தது, செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தது, மாற்று வாயுக்கள் கிடைத்தன, எதிர்த்த நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு. நிலக்கரி, எண்ணெய் விஷயத்தில் கடைசி இரண்டும் அவ்வளவு சுலபம் இல்லை, ஆகவே ஓசோனைக் காட்டி "அதைச் செய்தோமே, இதையும் செய்யலாம்" என்று மேலோட்டமாகப் பேசினால் விவரம் தெரிந்தவர்கள் மடக்கிவிடுவார்கள். ஆனால் நம்பிக்கைக்கு இதைவிட உறுதியான உதாரணமும் கிடையாது, கவனமாகப் பயன்படுத்துங்கள்.

யார் சொல்கிறார்கள் என்பதற்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நெடுஞ்சாலைக் குப்பை பெரும் தொல்லை. யார் வீசுகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் 18 முதல் 35 வயதுள்ள ஆண்கள். இவர்களிடம் போய் "அன்னை பூமி அழுகிறாள்" என்றால் இன்னொரு டப்பாவை வீசுவார்கள். அதனால் 1986-ல் வந்த விளம்பரம் அவர்களுடைய வீறாப்பையே பிடித்தது. "டெக்சாஸிடம் வாலாட்டாதே" என்ற தொனியில் ஒரு வாசகம், அதைச் சொன்னவர்கள் அந்த இளைஞர்கள் கொண்டாடிய இசைக் கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும். சூழல் என்ற சொல்லே தேவைப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சாலையோரக் குப்பை 70 சதவீத அளவுக்குக் குறைந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. தென் கரோலினாவின் கொலம்பியா நகரம், பருவநிலை மாற்றத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் அரசியல் வலுவாக உள்ள இடம். அங்கே ஜிம் காண்டி என்ற தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் 2010-ல் தன் வழக்கமான வானிலைச் செய்திக்கு நடுவே பருவநிலை பற்றிச் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். துருவக் கரடி இல்லை, பனிப்பாறை இல்லை. தோலில் பட்டால் அரிப்பெடுக்கும் ஒரு காட்டுக்கொடி அங்கே எல்லோர் தோட்டத்திலும் உண்டு, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்தக் கொடி இன்னும் கொழித்து, அரிப்பும் கடுமையாகும் என்பது போன்ற சங்கதிகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மற்ற நிலையங்களின் நேயர்களைவிட இவருடைய நேயர்களுக்கு விஷயம் கூடுதலாகப் புரிந்திருந்தது. நாள்தோறும் குடை எடுத்துப் போகலாமா என்று யாரிடம் கேட்கிறார்களோ அவரே சொன்னதுதான் காரணம். உங்கள் குழுவுக்கும் இது பொருந்தும். உங்கள் முகத்தைவிடக் குடும்ப மருத்துவர் முகம், தீயணைப்பு வீரர் முகம், விவசாயி முகம் அதிகம் எடுபடும். பின்னால் நின்று அவர்களுக்குத் தகவலும் படமும் தயார் செய்து கொடுங்கள், மேடையை விட்டுக்கொடுக்க மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கைக்கு ஒரு வேலை செய்து பார்க்கலாம். அடுக்குமாடிக் கட்டடங்களில் அடிக்கடி பார்க்கும் அறிவிப்பு இப்படி இருக்கும்: "பூமியைக் காப்போம்! வருங்காலத் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது என்ன? கழிவுகளைப் பிரிக்காமல் போடுவது இன்னும் தொடர்வது வேதனை அளிக்கிறது. அனைவரும் ஒத்துழைக்க வேண்டுகிறோம்." இதைப் படித்துவிட்டுக் கையில் குப்பைப் பையோடு நிற்பவருக்கு எதை எங்கே போடுவது என்று தெரிந்ததா? இல்லை. எல்லோரும் பிரிக்காமல்தான் போடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதையே இப்படி எழுதலாம்: "சமையலறைக் கழிவு, பூ, இலை: பச்சைத் தொட்டி. காகிதம், நெகிழி, கண்ணாடி: நீலத் தொட்டி. டயப்பர், நாப்கின்: காகிதத்தில் சுற்றிச் சிவப்புத் தொட்டி. போன வாரம் 40 வீடுகளில் 31 வீடுகள் சரியாகப் பிரித்திருந்தன, நன்றி. பச்சைத் தொட்டிக் கழிவு உரமாகி இந்த மாதம் தோட்டத்துக்கு வந்துவிட்டது." இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் தொட்டிக்கு நேர் மேலே, கண் மட்டத்தில் ஒட்டுங்கள். 40-ல் 9 வீடுகள்தான் என்றால், போன மாதம் 4, இந்த மாதம் 9 என்று எழுதுங்கள். அறிவிப்பின் கடைசி வரிதான், அதாவது கழிவு உரமாகித் திரும்பியது என்பதுதான், எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று தொட்டியிலும் பிரித்துப் போட்டதை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒருவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டால், அதன் பிறகு எந்த வாசகமும் அந்தக் கட்டடத்தில் செல்லாது. அந்த நிலையில் நீங்கள் பேச வேண்டியது குடியிருப்பவர்களிடம் இல்லை, வண்டியை அனுப்புகிறவர்களிடம்.

எண்கள் பற்றிச் சுருக்கமாக. டன் கணக்கில் கார்பன், கோடி கணக்கில் லிட்டர் என்பதெல்லாம் மண்டையில் நிற்காது, ஆளுக்கு, நாளுக்கு என்று வகுத்துக் கொடுங்கள். ஒரு வெயிலோ வெள்ளமோ வரும்போது "இது பருவநிலை மாற்றத்தால்தானா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று அடித்துச் சொல்வதும், தனி நிகழ்வைச் சொல்ல முடியாது என்று கைகழுவுவதும் இரண்டுமே இப்போது தேவையில்லை. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் லிட்டன் கிராமத்தில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது, மறுநாளே அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. அந்த வெப்ப அலையை ஆராய்ந்த உலக வானிலை காரண ஆய்வுக் குழு, மனிதர்களால் வந்த வெப்பமயமாதல் இல்லாவிட்டால் அப்படி ஒரு வெப்பம் ஏறக்குறைய சாத்தியமே இல்லை என்றது. தீயைப் பற்றி அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, நீங்களும் சேர்த்துச் சொல்லாதீர்கள். நடந்தது எது, எந்த அளவுக்கு நிகழ்தகவு கூடியது என்று மட்டும் சொன்னால் போதும், அதுவே பலமானது.

கடைசியாக, சண்டைக்கு வருகிறவர்கள். முதலில் அவர்கள் எத்தனை பேர் என்று சரியாகப் பாருங்கள். 125 நாடுகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் பேரிடம் எடுத்து 2024-ல் வெளியான ஆய்வில், பருவநிலைக்காக வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். ஆனால் உங்கள் நாட்டில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி 43 சதவீதம்தான். அரசுகள் இன்னும் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம். அதாவது அக்கறை உள்ளவர்கள் தங்களைச் சிறுபான்மை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் போடுகிறவர்கள் பெரும்பான்மை போலத் தெரிகிறார்கள். சத்தம் போடும் பத்துப் பேரோடு மல்லுக்கட்டுவதில் நேரத்தைச் செலவிடும் குழு, பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேரை மறந்துவிடுகிறது. அந்த எண்களையே ஒரு பதிவாகப் போடுங்கள்.

தவறான தகவலுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால், பொய்யைத் தலைப்பில் வைத்து "உண்மையா?" என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் தலைப்போடு போய்விடுவார்கள். உண்மையை முதல் வரியில் சொல்லுங்கள், பிறகு இப்படி ஒரு தவறான கருத்து உலவுகிறது என்று ஒருமுறை மட்டும் குறிப்பிட்டு, அதில் எந்த இடத்தில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று காட்டி, உண்மையை மறுபடி சொல்லி முடியுங்கள். உதாரணத்துக்கு, "வெப்பம் ஏறுவது நின்றுவிட்டது" என்று நடுவில் சில ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு வரைபடம் போடுவார்கள். அதே வரைபடத்தை 1880-லிருந்து போட்டுக் காட்டி, அவர்கள் எந்தத் துண்டை வெட்டினார்கள் என்று கட்டம் கட்டினால் போதும். வெட்டும் தந்திரத்தை ஒருமுறை பார்த்தவர் அடுத்த முறை தானே பிடித்துவிடுவார். வசை மட்டுமே என்றால் பதில் வேண்டாம். சந்தேகம் என்றால் மரியாதையாக, எதிரில் இருப்பவருக்காக மட்டுமல்லாமல் பக்கத்தில் நின்று படிப்பவருக்காகவும் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பச்சைத் தொட்டியின் எடை, வார்டு உறுப்பினருக்குப் போன கடிதங்கள், மீட்டர் அளவு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலை தொடங்கும் முன்பே அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு கட்டடத்தில் பழைய அறிவிப்பும் அடுத்த கட்டடத்தில் புதியதும் ஒட்டி ஒரு மாதம் பாருங்கள். எந்தக் கட்டடத்தில் என்ன ஆனது என்ற எண்ணோடு திரும்பி வாருங்கள், அதை வைத்து வாசகத்தை இன்னும் திருத்தலாம்.